360 நாள் பதவி: உத்திரமேரூர் வாரியமும் நம்ம ஊர் செயலாளர்களும்

போன மார்கழியில் எங்கள் ஏரிக் குழுவின் செயலாளர் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தப் பத்து நாளில்தான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவர் இல்லாமல் எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை.

திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஏரி. அதன் கரையைப் பலப்படுத்துவது, மதகை அடைக்காமல் பார்த்துக்கொள்வது, பனை விதை நடுவது, ஆக்கிரமிப்பு வந்தால் மனு கொடுப்பது. இதுதான் எங்கள் வேலை. இருபது பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு. அண்ணன் பதினொரு வருஷமாகச் செயலாளர். ஏரியின் சர்வே எண், எந்த மனுவை எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம், ஜேசிபிக்காரருக்கு எவ்வளவு பாக்கி, நன்கொடை கொடுத்தவர் யார் யார், எல்லாம் அவர் தலையிலும், அவர் போனிலும், ஒரு மஞ்சப்பையிலும் இருந்தது. போனுக்குப் பூட்டு. மஞ்சப்பை எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மனுவுக்குப் பதில் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி அந்தப் பத்து நாளுக்குள்ளேயே வந்து போய்விட்டது. அதை மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தோம்.

சாஃப்ட்வேர் வேலையில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: பஸ் ஃபேக்டர். ஒரு டீமில் எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் வேலை அப்படியே நின்றுபோகும் என்ற கணக்கு. கொஞ்சம் கொடூரமான பெயர்தான். எங்கள் குழுவின் பஸ் ஃபேக்டர் ஒன்று.

அண்ணன் திரும்பி வந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருத்தர் நேர மேலாண்மைப் பயிற்சிக்குப் போகச் சொன்னார். நான் போனில் போட ஒரு ஆப் கொடுத்தேன். "காலையில் எழுந்ததும் அன்றைக்கு முக்கியமான மூன்று வேலையை எழுதி வையுங்கள் அண்ணே" என்றார் இன்னொருத்தர். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றும் மாறவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, வேறு ஒரு வேலையாகச் செங்கல்பட்டு போனவன், அப்படியே உத்திரமேரூருக்கு வண்டியை விட்டேன். அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். இந்தத் தடவை வேறு கண்ணோடு பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கல்லில் இருப்பது என்ன?

உத்திரமேரூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆனால் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஊர்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. இன்னொன்று 14ஆம் ஆண்டு, கி.பி. 921. தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெங்கையா இவற்றை விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு பெரிய பகுதியே இந்த ஊருக்கு ஒதுக்கினார்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது 'குடவோலை முறை', 'ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தேர்தல்' என்று. இதில் இரண்டு திருத்தம் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

முதலாவது, அது ஓட்டுப் போடுவது இல்லை. சீட்டுக் குலுக்கல். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, மேலே அந்தக் குடும்பின் பெயருக்கு ஒரு வாயோலை வைத்துக் குடத்தில் போடுவார்கள். சபை முழுக்கக் கூடியிருக்கும். கோயில் நம்பிமார்களில் வயதில் மூத்தவர் வெறுங்குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். விவரம் தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அவனே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிடக் கூடாதே! அவர் வாசிப்பார். பிறகு அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிப்பார்கள். வெனிஸ் நகரத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் இதே மாதிரி ஒரு சிறுவனைத்தான் கூப்பிட்டார்கள். அது பல நூற்றாண்டு கழித்து.

இரண்டாவது, இது எல்லோருக்குமான சபை இல்லை. உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம், சதுர்வேதிமங்கலம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். பெண்கள் இல்லை, நிலத்தில் இறங்கி உழுதவர்கள் இல்லை. இதை மறைத்துவிட்டு 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இந்தச் சண்டையில் நாம் கவனிக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்தக் கல்வெட்டில் பெரும்பகுதி, ஆளைப் பிடிப்பது பற்றி மட்டும் இல்லை. வேறு வேலை உள்ள மனிதர்கள், சொந்த நிலம் நீச்சு, ஓதல், பூசை எல்லாம் வைத்துக்கொண்டு, ஊர்ப் பொது வேலையை எப்படிப் பார்ப்பது என்பது பற்றி. அதாவது எங்கள் செயலாளர் அண்ணன் பிரச்சினை.

ஆளுக்கு எத்தனை நாள்?

30 பேர் தேர்வாகிறார்கள். அவர்களில் ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், படிப்பிலும் வயதிலும் மூத்தவர்கள் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். இன்னொரு 12 பேர் தோட்ட வாரியம். மீதி 6 பேர் ஏரி வாரியம். இவர்கள் எல்லோருக்கும் பதவி 360 நாள். அது முடிந்ததும் விலகிவிட வேண்டும். நடுவில் குற்றம் செய்தது தெரிந்தால் 360 நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, அப்போதே நீக்கம். பொன்னை உரைத்துப் பார்க்கும் பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாக 12 பேர், ஆறு ஆறாக. அதில் இந்த வருஷம் எந்தக் குடும்புகளுக்கு இடம் கிடைத்ததோ, அவற்றை அடுத்த வருஷம் விட்டுவிட்டு மற்ற குடும்புகளில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

இதோடு இன்னொரு விதி. முந்தின மூன்று வருஷத்தில் ஏதாவது வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். ஆக ஒருவருக்குத் தகுதி உள்ள காலம் 35 வருஷம். ஒரு வருஷம் பதவி, மூன்று வருஷம் ஓய்வு என்றால், ஒவ்வொரு தடவையும் அதிர்ஷ்டம் அடித்து அவர் பெயரே வந்தாலும், வாழ்நாளில் ஒன்பது தடவைக்கு மேல் வாரியத்தில் உட்கார முடியாது. எங்கள் அண்ணன் ஒரே மூச்சில் பதினொரு வருஷம் உட்கார்ந்துவிட்டார்!

அடுத்த கணக்கு இன்னும் சுவாரசியம். வருஷத்துக்கு 30 பேர், மூன்று வருஷ இடைவெளி. அப்படியானால் எந்த நான்கு வருஷத்தை எடுத்தாலும், குறைந்தது 120 வெவ்வேறு ஆட்கள் வாரியத்தில் இருந்திருக்க வேண்டும். பொன், பஞ்சவாரம் சேர்த்தால் இன்னும் அதிகம். ஏரிக் கலிங்கு எப்போது திறக்க வேண்டும், எந்த மதகில் கசிவு, யார் பாக்கி என்று தெரிந்தவர்கள் ஊரில் எப்போதும் பல பேர் நடமாடிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் படுத்துவிட்டால் போன வருஷத்துக்காரரைக் கேட்கலாம். அவரும் இல்லையென்றால் அதற்கு முந்தின வருஷத்துக்காரர்.

அதோடு வேலையைப் பிரித்த விதத்தையும் பாருங்கள். ஏரி பார்ப்பவர் தோட்டம் பார்க்கவில்லை. தோட்டம் பார்ப்பவர் பொன்னை உரைக்கவில்லை. ஒவ்வொருத்தர் தலையிலும் ஒரு வேலை, ஒரு வருஷம். செங்கல்பட்டுச் சீமையில் ஏரி என்பது ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, கோடையில் வற்றி, அப்போது தூர் வாரி, மறுபடி மழைக்குக் காத்திருக்கும் ஒரு வட்டம். 360 நாளில் அந்த வட்டம் ஒரு முறை முழுசாகச் சுற்றிவிடும். பதவிக்கு வந்தவர் ஒரு மழையும் ஒரு கோடையும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

நேரத்தைப் பற்றி இன்னொரு செய்தி. இது உத்திரமேரூர் இல்லை, சோழ நாட்டில் வேறொரு சபை. இனிமேல் இரவில் கூட்டம் போடுவதில்லை என்று ஒரு தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறார்கள். காரணம், இரவில் வேலை சரியாக நடப்பதில்லை, விளக்கு எண்ணெய்ச் செலவும் அதிகம். ராத்திரி பத்தரைக்கு வீடியோ மீட்டிங் போடும் நம் தன்னார்வக் குழுக்கள் எல்லாம் இதை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம்.

எழுத்துக்கு எத்தனை நாள்?

சரி, வருஷா வருஷம் ஆளை மாற்றினால் இன்னொரு சிக்கல் வருமே? புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. போனவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். எந்த டீமிலும் இதுதான் நடக்கும்.

கல்வெட்டை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. கணக்கைப் பற்றிய விதிகளைப் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் பட்டது.

முதல் விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய உறவுக்காரர்களும் வர முடியாது. அந்த உறவுப் பட்டியல் நீளமாகப் போகிறது. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன், மாமனார், மருமகன், மைத்துனன், அப்பா, பிள்ளை என்று ஒருத்தரையும் விடவில்லை. இப்படி ஒரு பட்டியலை யாரும் சும்மா உட்கார்ந்து கற்பனை செய்து எழுத மாட்டார்கள். கணக்குக் கொடுக்காமல் போனவர் அடுத்த வருஷம் மச்சானை அனுப்பிய அனுபவம் அந்த ஊருக்கு நிறையவே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இரண்டாவது விதி: ஊர்க் கணக்கை எழுதுகிறவர் மத்தியஸ்தர், நேர்மையாகச் சம்பாதிப்பவர். அவர் எழுதிய காலத்துக் கணக்கைப் பெரிய வாரியத்தாரிடம் ஒப்படைத்து, சுத்தமானவர் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கு வரலாம்.

மூன்றாவதுதான் என்னை அங்கேயே நிற்க வைத்தது. ஒருவர் எழுதிவந்த கணக்கை அவரேதான் முடித்துக் கொடுக்க வேண்டும். வேறு ஒரு கணக்கர் உள்ளே வந்து அவருக்காக முடித்து வைக்கக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். பாதியில் விட்டுப்போன ஒரு கணக்கை இன்னொருத்தர் எடுத்து முடித்தால் என்ன ஆகும்? தெரியாத இடத்தில் அவர் ஒரு எண்ணை ஊகித்துப் போடுவார். ஒரு வருஷம் கழித்து தப்பு வெளியே வந்தால் இவர் அவரைச் சொல்வார், அவர் இவரைச் சொல்வார். சாஃப்ட்வேரில் இதைத் தினமும் பார்க்கிறேன். எழுதியவன் போய்விட்டான், படித்தவனுக்குப் புரியவில்லை, ஒட்டுப்போட்டு ஓட்டுகிறோம். உத்திரமேரூர்க்காரர்கள் அந்த ஓட்டையை ஒரே வரியில் அடைத்துவிட்டார்கள்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். ஆளுக்கு 360 நாள் என்று எல்லை வைத்தார்கள், எழுத்துக்கு எல்லை வைக்கவில்லை. ஆள் போய்க்கொண்டே இருப்பார், கணக்கு ஊரோடு தங்கும். இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலைக்கு ஆகாது. கணக்கு இல்லாமல் ஆளை மட்டும் மாற்றினால் குழப்பம். ஆளை மாற்றாமல் கணக்கு மட்டும் கேட்டால் அவரிடமே கெஞ்ச வேண்டியதுதான்.

கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரமும் இதே முடிச்சை இதே மாதிரி அவிழ்த்தது. 500 பேர் சபைக்குச் சீட்டுக் குலுக்கல், ஒரு வருஷப் பதவி, வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் கூடாது, பதவி முடியும்போது கணக்குத் தணிக்கை. இரண்டு ஊருக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. பகுதி நேர ஆட்களை வைத்துப் பொது வேலையை நடத்துகிற எந்த ஊரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது போல.

விதிகள் எழுதப்பட்டன, சரி, அப்படியே நடந்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்வெட்டு விதியைச் சொல்கிறதே தவிர, தினசரி நடப்பைச் சொல்வதில்லை. ஆனால் ஒரு தடயம் இருக்கிறது. 919இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருஷத்தில் அதை 35 முதல் 70 என்று மாற்றுகிறார்கள். மற்ற நிபந்தனைகளும் விரிவாகின்றன. எழுதிவிட்டு மறந்துபோன விதியை யாரும் இரண்டு வருஷத்தில் திருத்த மாட்டார்கள். நடைமுறையில் எங்கேயோ இடித்திருக்கிறது, திருத்தியிருக்கிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், இரண்டாம் வெர்ஷன்.

கணக்கு வீட்டுக்குள் போனபோது

இது பிராமணர் சபைகளுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. வேளாண் ஊர்களில் 'ஊர்', வணிகர் ஊர்களில் 'நகரம்' என்று அமைப்புகள் இருந்தன. மாமல்லபுரம் ஒரு நகரம். கடற்கரைக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்றில், ஊர் நிலத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது, நிலம் இல்லாமல் வியாபாரமும் தொழிலும் செய்கிறவர்கள் என்ன தர வேண்டும் என்று நகரத்தார் கூடி முடிவெடுத்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு செல்ஃபி எடுக்கிற இடத்தில்தான் அன்றைக்கு மினிட்ஸ் புத்தகம் இருந்தது.

இதே சீமையில் 800 வருஷம் கழித்து நடந்ததையும் சொன்னால்தான் படம் முழுசாகும். 1763இல் செங்கல்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. ஊர்கள் எத்தனை, என்ன விளைகிறது, யாருக்கு என்ன பங்கு என்று அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினீயரை வைத்து 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார்கள். அந்த விவரம் எங்கே இருந்தது? கணக்குப்பிள்ளைகளின் ஓலைக்கட்டில். காந்தியவாதி தரம்பால் இந்தக் கணக்கெடுப்பைக் கண்டெடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சென்னையில் இருக்கும் கொள்கை ஆய்வு மையத்தினர் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளைப் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். களத்தில் நெல்லை உடையவனுக்குப் பிரிப்பதற்கு முன்பே கோயிலுக்கு, ஏரிக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, தச்சருக்கு, கணக்குப்பிள்ளைக்கு என்று பங்கு எடுத்து வைத்த விவரம் அதில் இருக்கிறது. தகவலை வைத்துக் காப்பதற்கும் ஊர் கூலி கொடுத்திருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. இன்றைக்கு எத்தனை தொண்டு அமைப்புகள் ஆவணம் வைப்பதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்குகின்றன?

ஆனால் அதற்குள் ஒன்று மாறிவிட்டிருந்தது. கணக்கு வேலை பரம்பரை ஆகியிருந்தது. அப்பனுக்குப் பின் பிள்ளை. ஓலை, ஊர்ச் சபையில் இல்லாமல் ஒரு வீட்டுப் பரணில். நவாபு வந்தாலும் கம்பெனி வந்தாலும் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். ஊர்க்காரனும் தன் நிலத்தின் விவரத்துக்கு அங்கேதான் போய் நிற்க வேண்டும். கணக்குப்பிள்ளை கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. நல்லவராகவே இருந்தாலும், ஒருத்தரிடம் மட்டுமே இருக்கும் தகவல் அதிகாரமாக மாறிவிடும், அவர் விரும்பாவிட்டாலும்கூட. தமிழ்நாட்டில் இந்தப் பரம்பரை கர்ணம், மணியம் பதவிகள் ஒழிய 1980 வரை ஆனது. அதற்குப் பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர்.

இன்றைய சங்கங்களுக்கு வருவோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. அதன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அதே ஆட்கள் மறுபடி வரலாம். நடப்பில் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். பொதுக்குழுவில் "அண்ணனே இருக்கட்டும்" என்று ஒருத்தர் சொல்வார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். அது மரியாதை மாதிரிதான் இருக்கும். பாதி மரியாதை, பாதி நம் சோம்பேறித்தனம். நமக்கு வேலை வராமல் இருக்க அவரை நாற்காலியில் கட்டிப்போடுகிறோம். அப்புறம் அவருக்கு நேர மேலாண்மை சொல்லிக் கொடுக்கிறோம்.

மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1967லேயே, நிர்வாகிகள் முதலில் தங்கள் நேரம் எங்கே போகிறது என்று குறித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அது நல்ல யோசனைதான். அலுவலகத்தில் நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அது ஒரு ஆளுக்குச் சொல்லும் யோசனை. உத்திரமேரூர் ஆளிடம் எதையும் சொல்லவில்லை. நாற்காலிக்கு விதி எழுதியது. உட்காருகிறவர் சுறுசுறுப்பானவரா, மறதிக்காரரா என்பது அதற்குப் பெரிய விஷயமே இல்லை.

மஞ்சப்பை

உத்திரமேரூரில் இருந்து வந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காகிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்கலாம், அடுத்த சித்திரையில் இருந்து வேறு ஒருத்தர் செயலாளராக இருக்கட்டும் என்று மெதுவாக ஆரம்பித்தேன். அண்ணன் முகம் வாடிவிட்டது.

"ஏம்ப்பா, பதினோரு வருஷம் ஆச்சு. இப்பத்தான் கணக்கு கேக்கணும்னு தோணுச்சா?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாங்கள் அவரைச் சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிட்டார். நம்ம ஊரில் கணக்குக் கேட்டாலே அப்படித்தான். 'கணக்குக் கேட்டான்' என்றால் சண்டைக்கு வந்தான் என்று அர்த்தம். பதினொரு வருஷமாக யாரும் கேட்காததற்கும் அதுதான் காரணம்.

அப்போதுதான் அந்த மூன்றாவது விதியைச் சொன்னேன். "அண்ணே, உங்க கணக்க வேற ஆள் முடிக்கக் கூடாது. நீங்கதான் முடிக்கணும். அப்படித்தான் அங்க கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எல்லாருக்குமா அந்த விதி?" என்று கேட்டார். எல்லோருக்கும்தான் என்றேன். வருஷா வருஷம் வருகிற ஒவ்வொருத்தருக்கும். அடுத்து யார் வந்தாலும், நான் வந்தாலும்.

எல்லோருக்கும் உள்ள விதி என்றதும் அது அவர் மேல் விழுந்த பழியாக இல்லாமல் போனது. கணக்கு ஒப்படைத்து, சுத்தம் என்று சபை சொல்லி அனுப்புவது ஒரு மரியாதை என்பதை எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. பதினொரு வருஷம் உழைத்தவருக்கு நாங்கள் அந்த மரியாதையைக் கொடுக்கவே இல்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமை, காலையில் உட்கார்ந்தோம். இரவில் இல்லை. மஞ்சப்பை பீரோவுக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்து, இது என்ன, யாரிடம் கொடுத்தது, மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் இரண்டு பேர் எழுதினோம். இரண்டு மனுக்களின் ரசீது கிடைக்கவில்லை. "கெடைக்கல"ன்னே எழுதிக்கோ என்றார். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நன்கொடைக் கணக்கில் 340 ரூபாய் இடித்தது. கையிலிருந்து எடுத்துக் கொடுக்க வந்தார். வேண்டாம், இடிக்கிறது என்றே எழுதலாம் என்றோம்.

இப்போது வேலையை மூன்றாகப் பிரித்திருக்கிறோம்: ஏரி, மனு, பணம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், ஒரு வருஷம். முடிகிற அன்றைக்கு அவரவர் கணக்கை அவரவரே முடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷ இடைவெளி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இருபது பேரில் அவ்வளவு ஆள் இல்லை. ஒரு வருஷ இடைவெளி என்று வைத்தோம். இடித்தால் திருத்திக்கொள்ளலாம், உத்திரமேரூர்க்காரர்களே இரண்டு வருஷத்தில் திருத்தினார்கள்.

சித்திரைக் கூட்டத்தில் அண்ணன் நோட்டை எழுந்து நின்று வாசித்தார். கிடைக்காத ரசீது, இடித்த 340 ரூபாய் எல்லாம் சேர்த்து. வாசித்து முடித்ததும் எங்களில் வயதில் மூத்தவர் ஒருத்தர், "எல்லாம் சரியா இருக்கு" என்றார். அண்ணன் நோட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலிக்குப் போகாமல், எங்களோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

போன வாரம் பனை விதை பொறுக்கப் போனபோது அண்ணனும் வந்திருந்தார். ஏரியைப் பற்றி ஒரு விவரம் கேட்டேன். "நோட்டுல பாரு" என்றார்.